அயற்சொல்லும் நாவின் அறமும்

பிறமொழிச் சொல் ஒன்றை, அம்மொழிக்கு உரியவர் ஒலிப்பது போலவே ஒலிக்க வேண்டும் என்பது வெறும் திறமை பற்றிய எதிர்பார்ப்பா, அல்லது அதற்குள் அறக்கடமை ஒன்றும் அடங்கியிருக்கிறதா என்பது, மொழி கற்பிப்போரும் கற்போரும் பெரும்பாலும் எழுப்பாமலே கடந்துபோகும் கேள்வியாகும். இந்திய மெய்யியல் மரபுகள் சொல்லுக்கும் ஒலிக்கும் உள்ள உறவை ஈராயிரம் ஆண்டுகளுக்கும் மேலாக ஆராய்ந்து வந்திருப்பதால், இக்கேள்விக்கு விடை தேடுவோர் வெளியே எங்கும் போக வேண்டியதில்லை. இன்றைய தமிழ் மாணவர் ஒருவர் பிரெஞ்சு மொழியின் சொற்களைச் சொல்லப் பழகும்போது சந்திக்கும் இடர்ப்பாடுகள், அந்தப் பழைய ஆராய்ச்சியை மீண்டும் உயிர்ப்பிப்பதற்கு ஏற்ற களமாக அமைகின்றன.

சென்னையின் மேற்குப் புறநகரான அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வட்டாரத்தில் இக்கேள்வி ஏட்டளவில் நிற்பதன்று. தமிழ்நாட்டில் 2006ஆம் ஆண்டின் தமிழ் கற்றல் சட்டம் பத்தாம் வகுப்பு வரை தமிழைப் படிப்படியாகக் கட்டாயமாக்கியது. ஆனால் மேல்நிலை வகுப்புகளில் மொழிப்பாடமாகப் பிரெஞ்சைத் தேர்ந்துகொள்ளும் வழக்கம் தனியார் பள்ளிகளில் தொடர்கிறது. தேர்வு எழுத்திலேயே நடப்பதால், ஒரு வாக்கியத்தையும் வாய்விட்டுச் சொல்லிப் பழகாமலே உயர்ந்த மதிப்பெண் பெறுவது இயல்கிறது. அதே வேளையில், பூந்தமல்லியிலிருந்து நெடுஞ்சாலை வழியே சென்றால் அடையக்கூடிய திருப்பெரும்புதூரிலும் ஒரகடத்திலும் பிரெஞ்சு நிறுவனங்களின் கண்ணாடி ஆலையும் மகிழுந்து ஆலையும் இயங்குகின்றன. அவற்றின் பெயர்களைப் பிரெஞ்சுக்காரர் ‘சேன்-கோபேன்’ என்றும் ‘ரெனோ’ என்றும் சொல்ல, இங்குள்ளோர் ஆங்கில எழுத்துக்கூட்டலைப் பின்பற்றிச் ‘செயின்ட் கோபைன்’, ‘ரெனால்ட்’ என்கின்றனர். இந்த இரண்டு ஒலிப்புகளில் எது சரி என்பதைவிட, ‘சரி’ என்பதை முடிவு செய்யும் உரிமை யாருக்கு என்பதே அடிப்படையான கேள்வி.

ஒலி பிழைத்தால் பொருள் பிழைக்கும்

வேதத்தின் ஆறு துணைநூல்களாகிய அங்கங்களில் முதலாவதாக வைத்து எண்ணப்படும் ‘சிட்சை’ என்பது ஒலிப்பைப் பற்றிய கல்வி. தைத்திரீய உபநிடதத்தின் முதற்பகுதி இக்கல்வியின் கூறுகளாக ஆறினைச் சொல்கிறது: எழுத்தொலி, எடுத்தும் படுத்தும் சொல்லும் சுரம், கால அளவாகிய மாத்திரை, ஒலிக்கும் முயற்சியின் வலு, சீர்மை, ஒலிகள் தம்முள் தொடரும் தொடர்ச்சி. இந்த ஆறில் எதைத் தவறவிட்டாலும் சொல் தன் வடிவத்தை இழக்கும் என்பது வைதிகர் கொள்கை. அதற்குச் சான்றாக அவர்கள் காட்டுவது துவட்டாவின் கதை. இந்திரனைக் கொல்லும் மகனைப் பெற விரும்பி வேள்வி செய்த துவட்டா, ‘இந்திரனுக்குப் பகைவன்’ என்று பொருள்பட வேண்டிய தொடரில் எடுத்தலோசையை இடம்மாற்றிச் சொல்லிவிட, அது ‘இந்திரனைப் பகைவனாகக் கொண்டு அவனால் அழிபவன்’ என்று பொருள் மாறி, பிறந்த விருத்திரன் இந்திரனாலேயே அழிந்தான். இலக்கண ஆசிரியர் பதஞ்சலி தம் மாபாடியத்தின் தொடக்கத்தில் இதனோடு இன்னொன்றையும் குறிப்பிடுகிறார்: போரில் ‘பகைவரே’ என்று விளிக்க வந்த அசுரர் ரகரத்தை லகரமாகத் திரித்துச் சொன்னமையால் தோற்றனர் என்பது அது. யூதர்களின் மறைநூலிலும் இதை ஒத்த நிகழ்ச்சி உண்டு. நியாயாதிபதிகள் ஆகமத்தின் 12ஆம் அதிகாரத்தில், ‘ஷிபோலேத்’ என்ற சொல்லைச் ‘சிபோலேத்’ என்று ஒலித்தவர்கள் எதிரி இனத்தாராக அடையாளம் காணப்பட்டு யோர்தான் துறையில் கொல்லப்பட்டனர்.

இக்கதைகளை அச்சமூட்டும் புனைவுகள் என்று ஒதுக்கிவிடுவோர்கூட, பிரெஞ்சு மொழியின் முன்னிலையில் அவற்றின் உட்பொருளை ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கும். அம்மொழியில் ‘மேலே’, ‘கீழே’ என்று பொருள்படும் இரு சொற்களுக்கும் இடையே உள்ள வேறுபாடு இறுதி உயிரொலி ஒன்று மட்டுமே. மீனைக் குறிக்கும் ‘ப்வாஸோன்’ என்ற சொல்லின் நடுவிலுள்ள சகர ஒலி அதிர்வொலியாகத் திரிந்துவிட்டால் அது நஞ்சைக் குறிக்கும் சொல்லாகிவிடும். ரொட்டிக்கும் குளியலுக்கும் உரிய சொற்கள் பகரத்தின் வல்லோசையாலும் அதிர்வோசையாலும் மட்டுமே பிரிகின்றன. தமிழ் எழுத்து அவ்விரண்டு ஓசைக்கும் ஒரே வடிவத்தை வைத்திருப்பதால், தமிழ் எழுத்தில் குறித்துக்கொண்டு படிப்பவருக்கு இரண்டும் ஒன்றாகவே தோன்றும். எனவே ஒலி பிழைத்தால் பொருள் பிழைக்கும் என்பது வேள்விச் சாலைக்கு மட்டும் உரிய நம்பிக்கையன்று. மாந்தர் பேசும் எம்மொழிக்கும் உரிய நடைமுறை உண்மை.

பாணினியின் பெயரால் வழங்கும் சிட்சை நூல், ஓதுவோரில் கடைப்பட்டவர்கள் என்று அறுவரைச் சுட்டுகிறது. பாட்டாக இழுப்பவர், விரைந்து ஓடுபவர், தலையை ஆட்டுபவர், பொருள் அறியாதவர், குரல் மெலிந்தவர் ஆகியோருடன், எழுதி வைத்ததைப் பார்த்து ஓதுபவரும் அப்பட்டியலில் இடம்பெறுவது கருதத்தக்கது. எழுத்துக்கும் ஒலிக்கும் இடைவெளி மிகுந்த மொழியாகிய பிரெஞ்சில், சொல்லின் இறுதி மெய்கள் பலவும் எழுதப்பட்டும் ஒலிக்கப்படாமல் நிற்கின்றன. அத்தகைய மொழியைக் காதால் கேளாமல் கண்ணால் மட்டும் கற்பவரின் நிலையை அப்பழைய நூல் முன்கூட்டியே வரையறுத்துவிட்டது எனலாம்.

அன்பு பிழையைப் பொறுக்கும்

இதற்கு மறுதலையான நோக்கும் இந்நாட்டில் வலுவாக உண்டு. திருமாலுக்கு வணக்கம் சொல்லும்போது கற்றவர் வேற்றுமை உருபைச் சரியாகவும் கல்லாதவர் பிழையாகவும் சொன்னாலும், இறைவன் உள்ளத்தையே ஏற்பதால் இருவரும் பெறும் பயன் ஒன்றே என்று கூறும் வடமொழித் தனிப்பாடல் பரவலாக அறியப்பட்டது. பதஞ்சலியே மற்றோரிடத்தில், சரியான சொல்லாலும் சிதைந்த சொல்லாலும் பொருள் ஒருபடித்தாகவே விளங்குகிறது என்றும், அவற்றுள் சரியானதையே வழங்க வேண்டும் என்ற வரம்பு அறத்தின் பொருட்டே விதிக்கப்படுகிறது என்றும் தெளிவாகப் பிரித்துச் சொல்கிறார். வாக்கியபதீயம் இயற்றிய பர்த்ருஹரி, காதில் விழும் ஒலியைத் ‘துவனி’ என்றும், அவ்வொலி வழியாக உள்ளத்தில் விளங்கும் பிளவுபடாத சொல்லைச் ‘ஸ்போடம்’ என்றும் வேறுபடுத்தினார். விரைவாகச் சொல்வோர், மெல்லச் சொல்வோர் என ஒலி ஆளுக்கு ஆள் மாறினாலும் கேட்பவர் உணரும் சொல் ஒன்றே என்பது அவர் கொள்கை. இதன்படி, பிரெஞ்சை அம்பத்தூர்ச் சாயலுடன் பேசுபவரின் சொல்லும் அச்சொல்லேயாகும்.

இந்த வட்டாரத்தின் சமய வரலாறு இவ்விடத்தில் துணைக்கு வருகிறது. பூந்தமல்லியை அடுத்துள்ள திருமழிசை, திருச்சந்தவிருத்தமும் நான்முகன் திருவந்தாதியும் பாடிய திருமழிசையாழ்வார் தோன்றிய தலம். குருபரம்பரை நூல்கள் உரைக்கும் வரலாற்றின்படி, பெரும்புலியூரில் வேதம் ஓதிக்கொண்டிருந்த வேதியர்கள், பிரம்பு வேலை செய்பவர் வீட்டில் வளர்ந்த இவ்வாழ்வார் வருவதைக் கண்டு ஓதுவதை நிறுத்தினர். அவர் அகன்றதும், விட்ட இடம் அவர்களுக்கு நினைவில் வரவில்லை. ஆழ்வார் வாய் திறவாமல் கருநெல் ஒன்றை நகத்தால் பிளந்து காட்ட, அச்செயலைப் பற்றிய தொடரே தாங்கள் விட்ட இடம் என்பதை அவர்கள் உணர்ந்தனர். ஒலியின் தூய்மையைக் காப்பதாகக் கருதி ஒருவரைப் புறந்தள்ளியோர் சொல்லையே இழந்தனர் என்பதும், ஒலிக்க உரிமை மறுக்கப்பட்டவரே அச்சொல்லை மீட்டுத் தந்தார் என்பதும் இவ்வரலாறு தரும் பாடம். ஒலிப்பின் செம்மையைப் பிறரை இழிவுபடுத்தும் கருவியாக்குவது, அந்தச் செம்மையின் நோக்கத்தையே அழித்துவிடும்.

பூந்தமல்லியில் தோன்றிய திருக்கச்சி நம்பியின் வாழ்வு இதன் மறுபக்கத்தைக் காட்டுகிறது. காஞ்சி வரதருக்கு ஆலவட்டம் வீசும் தொண்டு செய்த அவர், இராமானுசர் உள்ளத்தில் இருந்த ஐயங்களுக்கு இறைவன் அருளிய ஆறு வார்த்தைகளை அவரிடம் கொண்டுசேர்த்தார் என்பது வைணவ மரபு. அவர் அவ்வார்த்தைகளில் எதையும் கூட்டவோ குறைக்கவோ இல்லை. பிறர் சொல்லை அவர் சொன்னவாறே கொண்டுசேர்ப்பது ஒரு தொண்டு என்ற எண்ணம் இந்த மண்ணுக்குப் புதியதன்று என்பதற்கு நம்பியே சான்று.

குமாரிலர் காட்டும் வழி

செம்மையை வற்புறுத்தும் மரபும் அன்பை முன்னிறுத்தும் மரபும் ஒன்றையொன்று மறுப்பன போலத் தோன்றினாலும், அவற்றை இணைக்கும் வழியை மீமாம்சை என்ற மெய்யியற் பள்ளி காட்டுகிறது. வேதச் சொற்களின் பொருளை ஆராயும் இப்பள்ளி, சொல்லைப் பற்றி மிகக் கடுமையான கொள்கை உடையது. ஆயினும் ஆரியர் வழக்கில் இல்லாத சில சொற்கள் வேதத்தில் காணப்படும்போது, அவற்றுக்கு வேர்ச்சொல் கற்பித்துப் புதுப்பொருள் கூறலாமா, அல்லது அவற்றை வழங்கும் அயல்மக்களிடமே பொருள் கேட்டறிய வேண்டுமா என்ற வினா எழுந்தபோது, அயலார் வழக்கையே ஏற்க வேண்டும் என்று அது முடிவு செய்தது. குயிலைக் குறிக்கும் ‘பிக’, தாமரையைக் குறிக்கும் ‘தாமரச’ ஆகியன அங்கு எடுத்துக்காட்டுகள்.

ஏழாம் நூற்றாண்டைச் சேர்ந்தவராகக் கருதப்படும் குமாரிலபட்டர் தம் தந்திரவார்த்திகத்தில் இவ்விடத்தை விளக்கும்போது, தமிழரை நேரடியாகத் தொடும் செய்தி ஒன்றைத் தருகிறார். திராவிட மொழிச் சொற்களைக் கேட்கும் வடமொழியாளர், அவற்றின் ஈற்றில் தம் மொழியின் உயிரையோ விகுதியையோ ஒட்டித் தமக்குப் பழகிய சொற்களாக ஆக்கிக்கொள்கின்றனர் என்று அவர் கண்டிக்கிறார். உணவாகிய ‘சோறு’ அவர்கள் காதில் கள்வனைக் குறிக்கும் ‘சோர’ ஆகிறது. ‘பாம்பு’ ‘பாப’ ஆகிறது. ‘வயிறு’ பகைவனைக் குறிக்கும் ‘வைரி’ ஆகிறது. வழியைக் குறிக்கும் ‘அதர்’ கடத்தற்கரியது என்று பொருள்படும் சொல்லாகிறது. அருகிலுள்ள திராவிட மொழிக்கே இந்நிலை என்றால் பாரசீகர், யவனர், உரோமர் முதலியோரின் மொழிகளுக்கு என்னென்ன பொருள் கற்பிப்பரோ என்பது அவர் எழுப்பும் கேள்வி. வடமொழி மரபின் காவலராக நின்ற ஒருவர், தமிழ்ச் சொல்லைத் தமிழர் சொல்வதுபோலக் கேட்க வேண்டும் என்று வாதாடியது இந்திய மெய்யியலின் பெருமைக்குரிய பக்கங்களுள் ஒன்று.

குமாரிலரின் கண்டனத்திலிருந்து பெறப்படும் நெறி இதுதான்: ஒரு சொல்லின் மீது அதிகாரம் உடையது அச்சொல்லை வழங்கும் மக்கட்கூட்டமே, கேட்பவர் தம் பழக்கத்துக்கு ஏற்ப அதை வளைப்பது அம்மக்களின் இருப்பையே கவனியாமல் விடுவதற்கு ஒப்பாகும். தமிழர் இந்நெறியைத் தமக்கு ஆதரவாகப் பலமுறை கையாண்டுள்ளனர். தமிழ்நாடு அரசு 2020ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் 1018 ஊர்களின் பெயர்களைத் தமிழ் ஒலிப்புக்கு ஏற்பவே ஆங்கிலத்திலும் எழுத வேண்டும் என்று ஆணையிட்டது; அவ்வாணை சில நாள்களில் திரும்பப் பெறப்பட்டது என்றாலும், அதற்குப் பின்னிருந்த உணர்வு நியாயமானது. தம் ஊரின் பெயரையும் தம் மொழியின் ழகரத்தையும் பிறர் சிதைக்கக் கூடாது என்று வேண்டுவோர், பிறர் மொழியின் ஒலியை அதே அக்கறையுடன் நடத்தக் கடமைப்பட்டவர் ஆகின்றனர்.

அயற்சொல் தமிழுக்குள் வரும்போது தமிழ் வடிவம் கொள்ள வேண்டும் என்பது தொல்காப்பிய விதியாயிற்றே என்று சிலர் வினவக்கூடும். வடசொற்கள் தமக்குரிய எழுத்தை நீக்கித் தமிழெழுத்தோடு புணர்ந்து வழங்க வேண்டும் என்று தொல்காப்பியர் விதித்தது தமிழ்ச் செய்யுளுக்குள் வரும் சொல்லைப் பற்றியது. தமிழ் பேசும்போது பிரெஞ்சுப் பெயரொன்று தமிழுடை அணிவது அவ்விதிப்படி முறையே; பிரெஞ்சு பேசும்போது பிரெஞ்சு ஒலிக்கு நாவை உட்படுத்துவதும் அதே விதியின் உட்கருத்துப்படி முறையே. ஒவ்வொரு மொழிக்கும் தன் எல்லைக்குள் தன் ஒலியமைப்பே ஆட்சி செய்யும் என்பதுதான் அவ்விதியின் உயிர்.

தொல்காப்பியம் தரும் துணை

இக்கடமையை நிறைவேற்றத் தமிழ் மாணவருக்கு வேண்டிய கருவிகள் அவருடைய மொழியிலேயே உள்ளன. தொல்காப்பிய எழுத்ததிகாரத்தின் பிறப்பியல், உந்தியிலிருந்து எழும் காற்று தலை, மிடறு, நெஞ்சு ஆகிய இடங்களில் நின்று, பல், இதழ், நா, மூக்கு, அண்ணம் ஆகிய உறுப்புகளின் தொழிலால் வெவ்வேறு ஒலிகளாகப் பிறப்பதை விளக்குகிறது. அதன்படி, அகர ஆகாரங்கள் வாயைத் திறப்பதாலும், இகரம் எகரம் முதலியன அத்துடன் நாவிளிம்பு மேற்பல்லின் அடியை உறுவதாலும், உகரம் ஒகரம் முதலியன இதழ் குவிவதாலும் பிறக்கின்றன. தமிழில் நாவின் தொழிலும் இதழின் தொழிலும் இவ்வாறு தனித்தனி வகையாக நிற்க, பிரெஞ்சு அவ்விரண்டையும் ஒரே ஒலியில் சேர்க்கிறது. இகரத்துக்குரிய நாநிலையை மாற்றாமல் உகரத்துக்குரியவாறு இதழைக் குவித்தால், மேலுக்கும் கீழுக்கும் வேறுபாடு காட்டும் அந்த உயிரொலி பிறக்கும். எகர நாநிலையோடு ஒகர இதழ்நிலையைச் சேர்த்தால் மற்றொரு பிரெஞ்சு உயிர் பிறக்கும். பெரம்பூரில் 1709இல் பிறந்து புதுச்சேரியில் பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளெக்ஸின் தலைமைத் துபாஷியாக, அதாவது இரு மொழிக்கும் இடைநின்று பேசுபவராக, விளங்கிய ஆனந்தரங்கப் பிள்ளையின் காலம் தொட்டுப் புதுச்சேரித் தமிழர் இவ்வொலியை உன்னிப்பாகக் கேட்டிருக்க வேண்டும். துய்ப்ளெக்ஸ் என்ற அந்தப் பெயரிலும் ‘துய்மா வீதி’ என்ற தெருப்பெயரிலும் உகரத்தின் பின் யகர மெய்யை நிறுத்தி எழுதும் வழக்கம், அந்தக் கலப்பொலியைத் தமிழெழுத்தால் இயன்றவரை நெருங்கிய முயற்சி.

பிரெஞ்சின் மூக்குயிர்கள், அதாவது காற்று வாய்வழியாகவும் மூக்குவழியாகவும் ஒருங்கே வெளிப்படும் உயிரொலிகள், கடினமானவை என்று பலரும் கருதுகின்றனர். ஆனால் அம்பத்தூரிலோ ஆவடியிலோ அன்றாடப் பேச்சில் ‘மரம்’, ‘அவன்’, ‘வந்தேன்’ என்னும் சொற்களைச் சொல்வோர் ஈற்று மெய்யை முழுதாக ஒலிப்பதில்லை. அதற்கு முன்னுள்ள உயிரையே மூக்கொலியாக்கி முடிக்கின்றனர். ‘நல்ல’ என்று பொருள்படும் பிரெஞ்சுச் சொல்லைப் ‘போன்’ என எழுதி, ஈற்றில் னகரத்தை அழுத்திப் படிக்கும் மாணவர், தம் பேச்சில் ஏற்கெனவே உள்ள ஒலியை எழுத்தை நம்பி இழக்கிறார். அவ்வாறே பிரெஞ்சின் தகரம் நாநுனி பல்லைத் தொடப் பிறப்பது; தமிழின் தகரமும் அத்தகையதே. ஆங்கிலம் வழியாகப் பிரெஞ்சை அணுகும் பழக்கமே, பல்லில் பிறக்க வேண்டியதை டகரமாக அண்ணத்துக்கு ஏற்றிவிடுகிறது. ஆங்கிலேயர் சொல்முதலில் சேர்க்கும் மூச்சொலி இல்லாத வல்லெழுத்துகளும் தமிழருக்கும் பிரெஞ்சுக்காரருக்கும் பொதுவானவை.

உபநிடதம் ஆறாவதாகச் சொன்ன தொடர்ச்சியும் இங்கு பொருந்துகிறது. தனித்து நிற்கும்போது ஒலிக்காத ஈற்று மெய், அடுத்த சொல் உயிரில் தொடங்கினால் பிரெஞ்சில் மீண்டும் ஒலிக்கிறது. சில சிறு சொற்களின் ஈற்றுயிர் வருமொழி உயிரின் முன் கெடுகிறது. ‘பந்து’ என்பதன் குற்றியலுகரம் ‘ஆட்டம்’ என்ற சொல்லின் முன் கெட்டுப் ‘பந்தாட்டம்’ ஆவதைக் கற்ற மாணவருக்கு, இந்தப் பிரெஞ்சுப் புணர்ச்சி விந்தையாகத் தோன்றக் காரணமில்லை. உள்நாவில் பிறக்கும் பிரெஞ்சு ரகரமோ தமிழில் இணையில்லாதது. அதுவும் பிரெஞ்சு மொழியில் தொன்று தொட்டு இருந்ததன்று. முற்காலத்தில் அங்கும் நாநுனி ரகரமே வழங்கியதாலும், நாட்டுப்புறங்கள் சிலவற்றில் அது நெடுங்காலம் நீடித்ததாலும், அதை உடனே எட்டாத மாணவர் மனம் தளர வேண்டியதில்லை.

இவற்றைத் தொகுத்து நோக்கினால், பிழை வேறு, சாயல் வேறு என்ற தெளிவு கிடைக்கிறது. முயன்றும் எஞ்சும் சாயல் பேசுபவரின் பிறப்பிடத்தைக் காட்டும் அடையாளம். பர்த்ருஹரியின் நோக்கில் அது சொல்லின் ஒருமையைக் குலைப்பதில்லை, பக்தி மரபின் நோக்கில் அது இழிவும் ஆவதில்லை. கேளாமையால் விளையும் பிழையோ அறத்தின்பாற்பட்ட குறை. அது பிறர் இருப்பதை மறந்து, எழுத்தை மட்டும் கொண்டு, அவர் மொழியைத் தமதாகக் கருதும் பழக்கத்திலிருந்து பிறக்கிறது. ஆகவே ஒலிப்புப் பயிற்சி என்பது முதலில் செவியின் பணிவு. அப்பணிவு நாவுக்கு இறங்கி வரும்போதே அது திறமை என்ற பெயரைப் பெறுகிறது.

இந்த வட்டாரத்துப் பள்ளிகளில் பிரெஞ்சு கற்பிப்போர், பாடநூலின் முதல் பக்கத்தைத் திறப்பதற்கு முன் பிறப்பியலின் சில நூற்பாக்களை மாணவருக்கு விளக்கி, நாவும் இதழும் மூக்கும் செய்யும் தொழிலை அவர்களையே உணரச் செய்வது நலம். பெற்றோர் மதிப்பெண்ணைக் கேட்பதோடு நில்லாமல், கற்ற மொழியில் ஒரு வாக்கியத்தைப் பிள்ளைகள் வாய்விட்டுச் சொல்லக் கேட்க வேண்டும். மாணவர்கள், குமாரிலர் அன்று தமிழுக்காகக் கேட்ட நீதியை இன்று பிரெஞ்சுக்கும், நாளை தாம் கற்கவிருக்கும் வேறெந்த மொழிக்கும் வழங்க வேண்டும். பிறர் சொல்லைப் பிறழாமல் கேட்டு, அவர் ஏற்கும்படி திருப்பிச் சொல்ல முயல்வது திறமையினும் மேலானது. அது நாவினால் செய்யப்படும் அறம்.